வடக்கு வரிசை அடுப்புகள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் மாத்தளையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே சுவரில் பலகை பொருத்துகிறார், கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறார், வீட்டில் இருக்கிற யாரும் இதைச் செய்யலாம் என்கிறார். இதே மாதிரி தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற ஆட்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். ஆனால் அந்த வீடியோவில் இருப்பவர் வெறும் வீட்டில் தனியாக நிற்கிறார். நான் வேலை செய்த எந்த வீட்டிலும் யாரும் தனியாக நின்றதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி இருப்பாள், கூரைக்கு மேலே தோட்டத்தை நடத்துகிற துரையின் சட்டம் இருக்கும், அடுப்பங்கரையில் சாமி இருக்கும். இவ்வளவு பேரையும் கேட்டுக்கொண்டுதான் ஒரு ஆணி அடிக்க வேண்டும். அதை விளக்கமாக எழுதித் தாருங்கள் என்றார்கள். எனக்கு எழுத்து வராது, வாய்தான் வரும் என்றேன். விடவில்லை.

என் வேலைக்கு அலுவலகத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. தோட்டத்து ஆட்கள் சுருக்கமாக ‘வீட்டு மிஸ்’ என்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி, குடியிருப்பவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய சின்ன வேலைகளைச் சொல்லிக் கொடுத்தேன். இழுத்தால் வராத கதவை அடியில் சீவிவிடுவது, இருட்டு அறைக்கு மேலே ஒரு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் வருகிற தகடு போடுவது, சுண்ணாம்பில் உப்பும் கஞ்சியும் கலந்து முதுகில் ஒட்டாத மாதிரி வெள்ளை அடிப்பது, இப்படி. கேட்டால் இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்கள் சாத்த முடியாத கதவுள்ள வீட்டில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்க வேண்டும்.

நான் இருந்து பார்த்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளை டவுனில் எங்கள் வீட்டுக் கதவை உடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் கொண்டுபோனார்கள். முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியபோது வீடு வாயைத் திறந்துகொண்டு நின்றது. தச்சு வேலை செய்கிற பாஸ்மார் யாரும் எங்கள் தெருவுக்கு வரத் தயாராக இல்லை. நானும் அக்காவும் பக்கத்து முஸ்லிம் வீட்டு மாமியிடம் சுத்தியலும் மரம் அறுக்கிற வாளும் இரவல் வாங்கி, உடைந்த பலகைகளைச் சேர்த்து அறைந்து ஒரு கதவை நிறுத்தினோம். கோணல் கதவுதான். ஆனாலும் சாத்தினால் சாத்திக்கொண்டது. அன்று நாங்கள் இரண்டு பேரும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதோம், பிறகு காரணமில்லாமல் சிரித்தோம். சில வருடம் கழித்து இந்த வேலைக்கு நேர்முகம் போனபோது என்ன அனுபவம் என்று கேட்டார்கள். ஒரு கதவு போட்டிருக்கிறேன் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேறு மிதித்தேன், தகரம் வெட்டினேன், விரலையும் வெட்டிக்கொண்டேன். சொல்ல வேண்டியது எங்கள் தொழில்நுட்ப அதிகாரி சுமணபாலவைப் பற்றி. என்னைவிட இளையவர், ஒல்லி. காலையில் வெள்ளைச் சேர்ட்டோடு வந்து மாலையில் சேற்று நிறத்தோடு போவார். சிங்களவர், தமிழை லயத்து வாசல்களில் பொறுக்கிக்கொண்டவர். அதனால் மரியாதை விகுதி எதுவும் அவர் வாயில் தங்காது. துரையைக்கூட ‘அவன்’ என்றுதான் சொல்வார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: சொல்லிக் கொடுக்கிறவரின் கை வேலையில் படக்கூடாது. நான் பதறிப்போய் ஒரு செங்கல்லைத் தொட்டால் போதும், “மிஸ், கை” என்பார். நான் குடையை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மிஸ் கட்டியது விழுந்தால் மிஸ் வருகிற வரைக்கும் அது விழுந்தே கிடக்கும், அவர்கள் கட்டியது விழுந்தால் அவர்களே தூக்கி நிறுத்துவார்கள் என்பது அவர் கணக்கு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாதவள் நான். கையைக் கட்டியதும் வாய் இன்னும் நீண்டுவிட்டது. அதனால்தான் நல்ல மிஸ் ஆனேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இன்னும் ஒன்று. முதல் வேலை ஒரு பானைச் சோறு வேகிற நேரத்துக்குள் முடிய வேண்டும். கதவைச் சீவுவதுதான் நல்ல தொடக்கம். காலையில் முட்டிக்கொண்டிருந்த கதவு மத்தியானம் விரலால் தள்ளத் திறந்தால், அந்த வீட்டுப் பெண் அடுத்து எதைச் செய்யலாம் என்று தானே சுற்றிப் பார்ப்பாள். பெரிய வேலையில் தொடங்கினால் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற வேலையைப் போல வீட்டில் சண்டை மூட்டக்கூடியது வேறெதுவும் இல்லை.

சாமான் கொண்டுபோவது தனிக் கூத்து. அது யுத்தம் நடந்த செக்பொயின்ட் காலம். ஒரு நாள் ரத்தோட்டை பஸ்ஸில் இரண்டு நீளமான தகரக் குழாய்களைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். அடையாள அட்டையில் ஊர் மாத்தளை, பெயர் தமிழ், மடியில் குழாய். ஆமிக்காரர் என்னை இறக்கினார். பயத்தை மறைக்க நான் செய்யக்கூடியது ஒன்றுதான், பேசினேன். அடுப்புப் புகை இந்தக் குழாய் வழியாக எப்படிக் கூரைக்கு மேலே போகும் என்று சிங்களத்தில் தொடங்கி, மூச்சு விடாமல் பாடமே நடத்திவிட்டேன். அவர் குழாயை ஒரு கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு, ஈர விறகுக்கும் இது சரிவருமா என்று கேட்டார். கலேவெலப் பக்கத்தில் அவருடைய அம்மா இருமிக்கொண்டே சமைக்கிறாராம். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே தொப்பி போட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் சாரதி, டீச்சர் பாடம் முடிஞ்சதா, போகலாமா என்றார்.

அந்தக் குழாய்கள் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் என் வேலையின் பெரிய சோதனை காத்திருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்; மிளகும் உண்டு. பெயர் வேண்டாம். அங்கே இருந்தது முதுகோடு முதுகு ஒட்டிய லயம். நடுவில் ஒரே நீளச் சுவர். அதன் ஒரு பக்கத்து வீடுகள் வடக்கே வாசல் வைத்தவை, மறு பக்கத்து வீடுகள் தெற்கே வாசல் வைத்தவை. ஜன்னல் கிடையாது. அடுப்பு எரிந்தால் புகை கூரைக்குக் கீழேயே கிடந்து, படுக்கிற பாய் வரைக்கும் இறங்கும்.

வடக்கு வரிசையில் செல்வமணி என்று ஒரு பெண். கொழுந்து பறிப்பவள். புருஷன் ராமையா மிளகு பறிக்க ஏணி ஏறுகிறவர். அவர்களுக்கு ஒரே மகள் தேவகி, ஏழு வயது. பிள்ளைக்கு இழுப்பு. அடுப்பு பற்றவைத்தால் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். இந்தப் புகையில் பிள்ளையை வைத்திருந்தால் ஒரு நாள் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருக்காது என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கிற டிஸ்பென்சர் சொல்லிவிட்டார். செல்வமணி வேறு வழியில்லாமல் மகளை நாவுலவில் இருக்கும் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தாள். சம்பளம் போட்டால் போய்ப் பார்ப்பாள். போன தடவை போனபோது பிள்ளை தன் சித்தியை அம்மா என்று கூப்பிட்டதாக என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புகையில்லாத அடுப்பு கட்டலாம் என்று நான் சொன்னதும் முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

அந்த அடுப்பை யாரும் கட்டலாம். புற்று மண்ணோடு உமியும் சாணியும் சேர்த்து, காலில் ஒட்டாமல் வருகிற வரை மிதித்து, ஊறவிட வேண்டும். செங்கல்லை அடுக்கி இரண்டு பானைக்கு இரண்டு வாய் விட வேண்டும். முதல் பானையைச் சுடவைத்த நெருப்பு இரண்டாவது பானைக்குக் கீழே போய், அங்கிருந்து சுவர் ஓரமாகக் குழாயில் ஏறும். கூரைத் தகரத்தில் ஓட்டையை மேட்டில்தான் வெட்ட வேண்டும், பள்ளத்தில் வெட்டினால் ஒழுகும். குழாயைச் சுற்றிப் போடுகிற தகட்டின் மேல் விளிம்பு மேல் தகரத்துக்கு அடியில் போக வேண்டும், கீழ் விளிம்பு கீழ்த் தகரத்துக்கு மேலே வர வேண்டும். இதை மட்டும் மாற்றிச் செய்துவிட்டால் தாரைப் பூசியும் பயனில்லை. கட்டி முடித்ததும் ஆசைப்பட்டு நெருப்பு வைக்கக்கூடாது. நிழலில் காயவிட வேண்டும், வெடிப்பைத் தடவி மூட வேண்டும், முதல் நெருப்பு சருகு நெருப்பாக இருக்க வேண்டும்.

துரை ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். ஒரு வீட்டுக்கு ஒரே ஓட்டை, அதுவும் நடுச்சுவர் ஓரத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் சரி நடுவில். இரண்டு வரிசையும் கட்டி முடித்தார்கள். நான் குடையை முதுகில் பிடித்தபடி நின்றேன். எல்லா அடுப்பும் புகையை நன்றாக மேலே இழுத்தது. அடுத்த மாதம் தேவகியை அழைத்து வரலாம் என்று செல்வமணியும் நானும் பேசிக்கொண்டோம்.

அடுத்த மாதம் போனபோது தெற்கே வாசல் வைத்த வீடுகளில் அடுப்பு ஜாம் ஜாம் என்று எரிந்துகொண்டிருந்தது. வடக்கு வரிசையில் ஒரு அடுப்புகூட எரியவில்லை. ஒரு வீட்டில் அடுப்பின் மேல் தண்ணீர்க் குடம் இருந்தது, இன்னொரு வீட்டில் சாமிப்படம் இருந்தது. எல்லோரும் இஸ்தோப்பில் பழையபடி மூன்று கல்லை வைத்துச் சமைத்தார்கள். இஸ்தோப்பு என்பது வாசல் தாழ்வாரம், அங்கே எரிந்தாலும் காற்று புகையை வீட்டுக்குள்ளேதான் தள்ளியது. செல்வமணி அடுப்பின் வாயையே மண் வைத்து மூடியிருந்தாள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம். பானை உட்காரவில்லை என்றாள் ஒருத்தி. வாயைப் பெரிதாக்கச் சொன்னேன். விறகு ஈரம் என்றாள் இன்னொருத்தி; காயவைக்கப் பரண் கட்டச் சொன்னேன். ரொட்டி ருசியில்லை என்றாள் மூன்றாமவள். அதற்கு நான் என்ன செய்வது, அவள் கைப்பக்குவம் அப்படி. சொன்னதையெல்லாம் திருத்தியும் ஒரு அடுப்பும் எரியவில்லை.

துரைக்கு விஷயம் போய்விட்டது. கூரையில் ஓட்டை போட்டு மண் மேடு கட்டியதுதான் மிச்சம் என்றார். மழை பிடிப்பதற்குள் வடக்கு வரிசை அடுப்புகள் எரியாவிட்டால் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவேன், உங்கள் ஆட்கள் இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓட்டையை அடைத்தால் தேவகி நாவுலவிலேயே வளர வேண்டியதுதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. துரை மேல் அல்ல, செல்வமணி மேல். பிள்ளை வேண்டுமென்று அழுதவளே அடுப்பின் வாயை மூடினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் கொழுந்து நிறுத்து முடிந்த நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். ராமையா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். மிளகு ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று தெரியும். நான் குடையை வைத்துவிட்டு, அடுப்பு வாயில் இருந்த மண்ணைக் கையால் இடித்துத் தள்ளினேன். சுமணபால பக்கத்தில் இல்லை. இந்த அடுப்பில் என்ன குறை என்று நானே பார்க்கிறேன், தேத்தண்ணி வைக்கப்போகிறேன் என்று பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விறகை வைத்து நெருப்புக் குச்சியை உரசியதும் செல்வமணி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிங்க மிஸ். நீங்க புருஷன் புள்ளைங்களோட வாழுற பொம்பள. தெக்கப் பாத்து அடுப்பு எரிக்காதீங்க.”

குச்சி என் விரலில் சுட்டது. எழுந்து நின்று பார்த்தேன். வடக்கே வாசல், தெற்கே நடுச்சுவர், சுவரோடு அடுப்பு. தெற்கு எமன் திசை. அந்தப் பக்கம் பார்த்துச் செய்வது சாவுக் காரியம். எனக்கும் தெரிந்த சங்கதிதான். என் வீட்டு அடுப்பு கிழக்குப் பார்த்து இருந்ததால் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியிருந்ததில்லை. மறு பக்கத்து வரிசைக்காரிகள் வடக்கே பார்த்துச் சமைத்தார்கள், அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், துரை இன்னும் சிரிப்பார் என்றாள். பிறகு புருஷனைக் காட்டி மெதுவாகப் பேசினாள்.

“புள்ளைக்காகத்தான் கண்ண மூடிக்கிட்டு அதுல ஆக்குனேன் மிஸ். ஒரு வாரத்துல அவரு ஏணியில இருந்து வுழுந்துட்டாரு. புள்ளையக் கூட்டியாறதா, அவ அப்பனத் தொலைக்கிறதா, நீங்களே சொல்லுங்க.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தன் பயத்தை வாய் திறந்து சொல்லாதவள், எனக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது என்றுதான் வாயைத் திறந்தாள். அதை நினைத்து நான் அங்கேயே கண் கலங்கினேன்.

சுமணபாலவிடம் சொல்லப் பயந்துகொண்டுதான் போனேன். அவர் சிரிக்கவில்லை. சோக்கட்டியை எடுத்து அலுவலகத் தரையிலேயே வீட்டைக் கீறினார். வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார்.

“மூஞ்சி கிழக்கு. ஓட்டை நடுவுல. புது ஓட்டை அவன் தர மாட்டான். அப்ப பொகய நடக்க வைப்போம்” என்றார்.

வடக்கு வரிசை வீட்டில் நடுச்சுவரும் கிழக்குச் சுவரும் சேர்கிற இடம் தென்கிழக்கு மூலை. அக்கினி மூலை. அங்கே அடுப்பை வைத்தால் பெண் கிழக்கே பார்த்து உட்காரலாம். அங்கிருந்து மண்ணால் ஒரு வழி கட்டி, நடுச்சுவர் ஓரமாகவே புகையைக் கொண்டுபோய்ப் பழைய குழாயில் சேர்க்க வேண்டும். கேட்கச் சுலபம். செல்வமணி பழைய அடுப்பைத் தன் கையால் இடித்து அதே மண்ணை மிதித்தாள். ராமையா ஒரு கையால் செங்கல் எடுத்துக் கொடுத்தார். கட்டிக் காய்ந்ததும் வரிசையே வந்து வாசலில் நின்றது. நெருப்பு வைத்தோம். புகை கொஞ்சதூரம் போய் நின்றது, பிறகு வந்த வழியே திரும்பி எல்லோர் முகத்திலும் அடித்தது. நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் போனார்கள். செல்வமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அது புகைக்கா, வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை.

சுமணபால வெள்ளைச் சேர்ட்டோடு தரையில் படுத்தார். பீடியைப் பற்றவைத்து, அடுப்பு வாய்க்குள் ஊதி ஊதிப் பார்த்தார். புகை மண் வழியின் தட்டையான இடத்தில் போய்ச் சோர்ந்து நின்றது. எழுந்து உட்கார்ந்து செல்வமணியைப் பார்த்து, மலையில் தண்ணீர்க் கான் வெட்டியிருக்கிறாயா என்று கேட்டார். வெட்டியிருக்கிறேன் என்றாள். தண்ணீர் ஓட வாட்டம் வைப்பாயே, அந்தக் கானைத் தலைகீழாக வை என்றார். அவளுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. மூலையில் தாழ்வாகத் தொடங்கி, குழாயை நெருங்க நெருங்க ஏறுகிற மாதிரி அந்த வழியை மறுபடி கட்டினாள். உள்பக்கத்தைப் புறங்கையால் தேய்த்து வழுவழுப்பாக்கினாள். என் கை துடித்தது. “மிஸ், கை” என்றார்.

மறுபடி காயவிட்டோம். நெருப்பு வைக்கிற நாளில் பழைய பத்திரிகைத்தாள் ஒன்றைக் கசக்கி, குழாயின் அடியில் எரித்து முதலில் குழாயைச் சுடவைக்கச் சொன்னார். குழாய் சூடானால் மேலே இழுக்கும். செல்வமணி சாமி கும்பிட்டுவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து சருகைப் பற்றவைத்தாள். புகை உள்ளே போனது. போனது திரும்பவில்லை. வெளியே நின்றிருந்த ஒருத்தி கூரையைக் காட்டிக் கூப்பிட்டாள். எல்லோரும் ஓடினோம். தொப்பிக்குக் கீழே வெள்ளையாகப் புகை சுருண்டு சுருண்டு வந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை; குடையை எறிந்துவிட்டுச் செல்வமணியைக் கட்டிப்பிடித்தேன். சுமணபால பீடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மழை பிடித்த அன்று துரை வந்தார். ஒழுகும் என்று எதிர்பார்த்துத்தான் மழை நாளாகப் பார்த்து வந்திருக்க வேண்டும். குழாய்க்குக் கீழே சுவரை உள்ளங்கையால் தடவினார். காய்ந்திருந்தது. இது ஏன் அனுமதி கேட்டபோது காட்டிய படத்தில் இருக்கிற மாதிரி இல்லாமல் வளைந்து போகிறது என்று கேட்டார். அது சாமி மூலைங்க தொரை என்றாள் செல்வமணி. அவர் சிரிக்கவில்லை. எரிகிற அடுப்பையும் புகையில்லாத கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற வீடுகளுக்கும் செங்கல் அனுப்பச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வடக்கு வரிசை முழுவதும் மூலை அடுப்பு எழும்பியது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். மறு பக்கத்து வரிசைக்காரிகள் கூட்டமாக வந்து, அவர்களுக்கு மட்டும் அக்கினி மூலை, எங்களுக்கு என்ன குறை என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நன்றாக எரிகிற அடுப்பை ஏன் இடிக்க வேண்டும் என்று தலையால் அடித்துக்கொண்டேன். நடக்கவில்லை. அவர்கள் வீட்டில் அந்த மூலை வாசலோரம் வரும், ஓட்டையோ நடுச்சுவர் ஓரத்தில். புகை போகிற வழி வீட்டையே சுற்றிக்கொண்டு போனது. அதையும் அவர்களே கட்டினார்கள், அதுவும் இழுத்தது. அந்தத் தோட்டத்திலிருந்து பக்கத்துத் தோட்டங்களுக்கு எங்களைக் கூப்பிட்டு ஆள் வந்தது. எங்கே போனாலும் நான் முதலில் திசையைக் கேட்டேன்.

தேவகியை அழைத்து வந்த நாளில் அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். டிஸ்பென்சர் முதல் நாளே வந்து அடுப்பு எரியும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தார். செல்வமணி காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு நாவுலவுக்குப் போயிருந்தாள். அடுப்பில் இரண்டு கட்டை விறகு மெதுவாக எரியும்படி ராமையா பார்த்துக்கொண்டார். பிள்ளை துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலை ஏறியது. வரிசையில் எல்லா வீட்டுப் பெண்களும் வாசலில் நின்றார்கள்.

வாசலைத் தாண்டி உள்ளே வந்த தேவகி நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள். கூரைத் தகரம், மரம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, மெல்லக் கேட்டாள்.

“அம்மா, இன்னைக்கு நம்ம வீட்டுல சோறு ஆக்கலையா?”

செல்வமணி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், பானையின் மூடியைத் திறந்து காட்டினாள்.